கமடோரா, ஸ்பெக்ட்ரமா? சிங்கப்பூர் வீடுகளில் நடந்த கணினிச் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை என் பழைய கணினிகளைப் பெட்டியில் அடுக்கிப் பள்ளிகளுக்கும் சமூக மன்றங்களுக்கும் கொண்டுபோகிறேன். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பெற்றோர் பக்கத்தில் வந்து நின்று கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் கமடோர் கட்சி. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எந்தக் கணினிகளைப் பற்றிய சண்டை இது?

1980களில் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பயன்படுத்திய கணினிகள். ஆப்பிள் 2 முன்பே, 1977இல் வந்துவிட்டது. 1982 ஏப்ரலில் பிரிட்டனில் கிளைவ் சிங்க்ளேரின் நிறுவனம் ஸ்பெக்ட்ரமை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் கமடோர் 64 விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு எம்எஸ்எக்ஸ் என்ற பொதுத் தரத்தை அறிவித்தார்கள். சோனி, பானசோனிக் போன்ற நிறுவனங்கள் அந்தத் தரத்தில் கணினி செய்தன. பிறகு அமிகா, அடாரி எஸ்டி.

இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவைக்கக் கடினமானது ஒன்று உண்டு. இவற்றில் ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. படம், பாட்டு, கடிதம் எதையும் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட முடியாது. நிரல்களைப் பதிந்துவைத்த கேசட் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது வேறு மொழி. ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் வேறு கணினி வாங்கிவிட்டால், அவனிடம் கடன் கேட்க ஒன்றும் இல்லை, கொடுக்கவும் ஒன்றும் இல்லை.

ஒரு பெட்டிக்காக ஏன் இவ்வளவு பிடிவாதம்?

எங்கள் வீட்டுக்குக் கமடோர் 64 வந்தது 1984 தீபாவளிக்கு. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அம்மா கட்டிவந்த சீட்டுப் பணம் அதில் போயிற்று. எந்தக் கணினி என்று முடிவு செய்ய அப்பா மூன்று சனிக்கிழமைகள் கடை கடையாக ஏறி இறங்கினார். அப்படி வந்த ஒன்றைப் பற்றி வகுப்பில் ஒருவன், "உன் அப்பா தப்பான கம்ப்யூட்டரை வாங்கிவிட்டார்" என்றால் பதின்மூன்று வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும்? அன்று முதல் கமடோரின் ஒவ்வொரு சில்லின் பெயரையும் படித்து வைத்துக்கொண்டேன். யாரும் அப்பாவைக் குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இது மனித இயல்புதான். 1956இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர், சில வீட்டுச் சாதனங்களைப் பெண்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார். பிறகு இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி மதிப்பிட்டபோது, எடுத்துக்கொண்ட பொருளின் மதிப்பு ஏறியிருந்தது, விட்டுவிட்டதன் மதிப்பு இறங்கியிருந்தது. தேர்வு செய்த பிறகு நாம் அதற்கு வக்கீலாகிவிடுகிறோம்.

ஆனால் இந்த விளக்கம் பாதிதான். மீதிப் பாதி, கற்றுக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான எண்களை மனப்பாடம் செய்திருந்தேன். எந்த எண்ணுக்கு எதை அனுப்பினால் திரை நிறம் மாறும், எதை அனுப்பினால் ஒலி எழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வேறு கணினிக்கு மாறினால் அத்தனையும் செல்லாக்காசு. விசுவாசம் என்று வெளியே தெரிந்ததில் பெரும்பகுதி, அந்த உழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் தவிப்பு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

சிங்கப்பூரில் எந்தெந்தக் கணினிகள் கிடைத்தன?

ஏறக்குறைய எல்லாமே. நமக்கு ஒரு வசதி இருந்தது: மூன்று கால் பிளக், 230 வோல்ட் மின்சாரம், பால் (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறையில் இயங்கும் தொலைக்காட்சி. பிரிட்டிஷ் சந்தைக்காகச் செய்த கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே செருகலாம். ஒலி மட்டும் சில சமயம் ஒத்துவராது, ஏனென்றால் ஒலிக்கான அலைவரிசை இடைவெளி இரு நாடுகளிலும் வேறு. ஸ்பெக்ட்ரமுக்கு அந்தத் தொல்லையும் இல்லை; அதன் ஒலி உள்ளே இருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்தே வந்தது.

ஆப்பிள் 2இன் நகல் கணினிகளும் கடைகளில் தாராளமாக இருந்தன. என் வகுப்பில் மருத்துவர் வீட்டுப் பையன் ஒருவனிடம் அசல் ஆப்பிள் இருந்தது. இன்னும் மூவரிடம் நகல். அவர்கள் நால்வரும் ஒரு கட்சி. அசலுக்கும் நகலுக்கும் அவர்களுக்குள் தனிச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

பிரிட்டிஷ் கணினி இதழ்கள் கப்பலில் சில மாதம் பிந்தி வரும். பழைய இதழ்களுக்குப் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் படியேறினால் போதும்.

கமடோர் 64க்கும் ஸ்பெக்ட்ரமுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

என் அத்தை மகனிடம் ஸ்பெக்ட்ரம் இருந்தது. அவர்கள் தோ பாயோவில், நாங்கள் அங் மோ கியோவில். ஞாயிறு தவறினாலும் இந்த வாக்குவாதம் தவறாது. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நீண்ட பயிற்சி உண்டு.

ஒலியில் கமடோருக்கு ஈடில்லை. பாப் யானஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த சிட் என்ற சில்லு அதில் இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று குரல்கள், ஒவ்வொன்றின் ஏற்றத்தையும் தேய்வையும் தனித்தனியே அமைக்கலாம், வடிகட்டியும் உண்டு. உண்மையான இசைக்கருவியின் உள்ளுறுப்பு அது. 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரமில் இருந்தது ஒரு சின்ன ஸ்பீக்கர்; அதற்குத் தட்டுவதும் நிறுத்துவதும் மட்டும் தெரியும்.

அசையும் உருவங்களிலும் கமடோர்தான் மேல். ஸ்ப்ரைட் எனப்படும் எட்டு உருவங்களை வன்பொருளே நகர்த்தும். ஸ்பெக்ட்ரமில் எல்லாவற்றையும் செயலியே ஒவ்வொரு புள்ளியாக வரைய வேண்டும். அத்துடன் நிறச் சிக்கல்: 8க்கு 8 புள்ளிக் கட்டம் ஒன்றுக்குள் இரண்டே நிறங்கள்தான். வெள்ளைச் சட்டை வீரன் பச்சை மரத்தைக் கடந்தால் வீரனும் பச்சையாகிவிடுவான். இதைச் சொல்லி மச்சானை அழவைத்த நாள்கூட உண்டு. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

கமடோர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய இடம், கணினியோடு வந்த பேசிக் (BASIC) என்ற நிரல் மொழி. இவ்வளவு நல்ல சில்லுகளை உள்ளே வைத்துவிட்டு, அவற்றை இயக்க ஒரு கட்டளைகூடத் தரவில்லை. திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க ஸ்பெக்ட்ரமில் "பார்டர் 0". அதிலும் பார்டர் என்ற சொல் முழுவதற்கும் ஒரே ஒரு விசை. கமடோரில் "போக் 53280,0", அதாவது நினைவகத்தில் 53280 என்ற இடத்தில் 0 வை. வட்டம் வரைய ஸ்பெக்ட்ரமில் ஒரு சொல் போதும். கமடோரில் ஒரு மாலை நேரம் வேண்டும். செயலிக்கு நேரடியாகப் புரியும் எண்களால் ஆன இயந்திர மொழியை நான் கற்றதற்கு அந்தக் குறைதான் காரணம், ஆனாலும் குறை குறைதான்.

கேசட்டிலிருந்து நிரல் ஏற்றும் காட்சியில் மனம் பறிகொடுத்தது நான்தான். கமடோரில் திரை வெறுமையாகிவிடும், சத்தம் வராது, ஏறுகிறதா இல்லையா என்றே தெரியாது. ஸ்பெக்ட்ரமில் முதலில் நீண்ட ஒற்றை ஒலி. திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகக் கோடுகள் உருளும். பிறகு ஒலி கரகரப்பாக மாறும், கோடுகள் நீலமும் மஞ்சளுமாகும். அதற்குமேல் நான்கைந்து நிமிடம் யாரும் மேசையை ஆட்டக்கூடாது. சரியாக ஏறவில்லை என்றால் மச்சான், டேப்ரெக்கார்டரின் சிறு ஓட்டைக்குள் கடிகாரக்காரர் ஸ்க்ரூடிரைவரை விட்டு, ஒலி கூர்மையாகும்வரை கேசட்டைப் படிக்கும் தலையைத் திருகுவான். காதால் கேட்டே இந்தக் கேசட் ஏறும், ஏறாது என்று சொல்லிவிடுவான். அவன் சொல்லித் தவறியதாக எனக்கு நினைவில்லை.

ஸ்பெக்ட்ரம் மூன்றரை மடங்கு வேகம் என்கிறார்களே?

3.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 35 லட்சம் துடிப்புகள், என்பது சரி. பால் நாடுகளில் கமடோர் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு, 0.985. ஆனால் ஸ்பெக்ட்ரமின் இசட்80 செயலி தன் மிகச் சிறிய கட்டளையை முடிக்க நான்கு துடிப்புகள் எடுக்கும். கமடோரின் 6510க்கு இரண்டு போதும். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 8,75,000 கட்டளைகளுக்கு எதிரே 4,92,500. மூன்றரை மடங்கு இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. துடிப்பை மட்டும் எண்ணி வேகம் சொல்வது அன்றும் தவறு, இன்றும் தவறு.

அந்தக் கணினிகளில் தமிழ் எழுத முடிந்ததா?

எனக்குப் பிடித்த கேள்வி. முடிந்தது, நாமே வரைந்துகொண்டால்.

கட்டம் போட்ட கணக்குத் தாளில் 8க்கு 8 சதுரம் எடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. நிரப்பிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்கு ஓர் எண். எட்டு வரிசை, எட்டு எண்கள், ஓர் எழுத்து. நான் முதலில் வரைந்தது 'ட': 64, 64, 64, 64, 64, 64, 126, 0. அடுத்தது 'ப': 66, 66, 66, 66, 66, 66, 126, 0. நேர்கோட்டு எழுத்துகள் எளிது. 'ழ' என்னைப் பல நாள் சுற்றவிட்டது. கால் கீழே சுழித்து இறங்க எட்டாவது வரிசைக்குக் கீழே இடம் வேண்டும், இடம் இல்லை. 'ணை' இரண்டு கட்டம் கொடுத்தாலும் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கும். மங்கலான அந்தத் திரையில் 'படம்' என்ற சொல் வந்து நின்ற இரவில் வீட்டில் எல்லாரையும் எழுப்பினேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, எழுத்தைக் கூட்டி வாசித்தார். அதற்கு முன் அந்தக் கணினியில் அவரால் வாசிக்க முடிந்த ஒரு சொல்லும் இருந்ததில்லை.

இதிலும் கட்சிச் சண்டை உண்டு. ஸ்பெக்ட்ரமின் கையேடு, நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துகள் தருகிறது. உயிர் 12, மெய் 18, கூட்டினால் 30. பற்றாது. கமடோரில் 256 எழுத்துகளையும் மாற்றலாம். "உன் கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது மச்சான்" என்று 1985இல் அவனிடம் சொன்னேன். அது அவனை நிறச் சிக்கலைவிட அதிகமாகக் குத்தியது என்று பின்னால்தான் தெரிந்தது.

தமிழ்த் தட்டச்சிலும் இதே போன்ற கட்சிகள் இருந்தன என்கிறார்களே?

இருந்தன, இன்னும் இருக்கின்றன. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும், எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற குறியாக்கத்தைத் தனக்கென வைத்திருந்தது. ஒன்றில் எழுதிய கடிதத்தை மற்றொன்றில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். கமடோர், ஸ்பெக்ட்ரம் கேசட் கதை அப்படியே திரும்பி வந்தது.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, கணினியில் தமிழ் எழுதக் கணியன் என்ற முறையை உருவாக்கினார். எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995இல் இணையத்தில் தமிழ்க் கவிதையை ஏற்றியவர்களில் முன்னோடி. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு இங்கே நடந்ததில் அவர் பங்கு பெரிது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் வளர்ந்தது. 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. கோவிந்தசாமி அந்த ஆண்டே காலமானார். தமிழ் இன்று எல்லாக் கைப்பேசிகளிலும் ஓடுவதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

எழுத்துருச் சண்டையை, எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் தீர்த்துவைத்தது. தட்டச்சுப் பழக்கம் தீரவில்லை. பழைய தட்டச்சுப் பொறி முறையில் விரல் பழகியவரிடம் தமிழ்99இன் பெருமையைச் சொல்லிப் பாருங்கள். ஒரு கணினிக் கட்சிக்காரனின் முகம் எப்படி இருக்கும் என்பது தெரியும்.

வீட்டில் ஒரே தொலைக்காட்சிதானே, எப்படிச் சமாளித்தீர்கள்?

தமிழ் நிகழ்ச்சிகள் அப்போது ஒளிவழி 8இல் வரும். செய்தி நேரத்தில் கணினிக்கு இடமில்லை. சேமிக்காமல் அணைத்தால் தட்டியதெல்லாம் போய்விடும், ஆகவே அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கேசட்டில் பதிவு செய்யத் தொடங்குவேன்.

பெண்பிள்ளைகள் இந்தச் சண்டையில் இருந்தார்களா?

விளம்பரங்கள் பையன்களைப் பார்த்தே பேசின. ஆனால் எங்கள் வீட்டில் அக்கா இல்லாமல் ஒரு நிரலும் ஓடியிருக்காது.

இதழ்களில் நிரல்கள் அச்சாகி வரும். பக்கம் பக்கமாக எண்கள், நாம்தான் தட்ட வேண்டும். ஓர் எண் தவறினால் கணினி உறைந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அளவுகோலை வரிக்கு வரி நகர்த்தித் தமிழில் வாசிப்பாள்: "நூற்று அறுபத்தொன்பது, சுழியம், நூற்று நாற்பத்தொன்று, முப்பத்திரண்டு, இருநூற்று எட்டு, தொண்ணூற்றாறு." நான் தட்டுவேன். ஒரு நாள் அவள் வாசிப்பதை நிறுத்தினாள். "169 வந்தால் அடுத்தது ஏதாவது ஓர் எண், அதற்கடுத்து அடிக்கடி 141 வருகிறதே, ஏன்?" என்று கேட்டாள். கையேட்டைப் புரட்டினோம். 169 என்றால் ஓர் எண்ணைக் கையில் எடு. 141 என்றால் அதைச் சொன்ன இடத்தில் வை. 32, 208 என்பது அந்த இடத்தின் முகவரி: 208ஐ 256ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் 53280. 96 என்றால் திரும்பு. திரை ஓரத்தைக் கறுப்பாக்கும் அதே வேலை! எங்கள் வீட்டில் இயந்திர மொழியை முதலில் கண்டுகொண்டவள் அக்காதான். கட்சிச் சண்டைக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. அவளுக்கு அந்த எண்கள் போதும்.

எல்லாம் வெளிநாட்டுப் பொருள்தானே, சிங்கப்பூருக்கு இதில் என்ன?

நிறைய. ஆப்பிள் 1981இலேயே அங் மோ கியோவில் தொழிற்சாலை திறந்தது. ஹார்டு டிஸ்க் செய்யும் சீகேட் 1982இல் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகுக்கே ஹார்டு டிஸ்க் செய்துதரும் முதன்மை இடமாகச் சிங்கப்பூர் ஆகியிருந்தது. எந்தக் கட்சிக்காரனின் பெட்டியைத் திறந்தாலும் நம் தீவைத் தொட்டுப்போன ஒரு பாகம் உள்ளே இருக்க வாய்ப்பிருந்தது.

என் பெரியம்மா அங் மோ கியோ தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகை பரிசோதிப்பவர். மூன்று ஷிப்டு. ஒரு ஞாயிறு மச்சானின் கணினி விட்டு விட்டு அணைந்தது. நான் அதன் பிராண்டைப் பழித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா மூடியைத் திறக்கச் சொன்னார். பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, மின்செருகியின் கால் ஒன்றை நகத்தால் காட்டினார். "ஈயம் பளபளவென்று இருக்க வேண்டும். இது சாம்பல் பூத்திருக்கிறது பார். ஆடி ஆடி விட்டிருக்கிறது. பிளக்கைப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள்." மறுநாள் தெரிந்த கடைக்காரர் சூடுவைத்துக் கொடுத்தார், சரியாகிவிட்டது. வெளி மூடியின் பெயரைப் பெரியம்மா கடைசிவரை கேட்கவே இல்லை. கட்சி பேசிய எங்கள் யாருக்கும் அந்தப் பலகையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒன்றுகூடத் தெரியாது.

அமிகாவும் அடாரி எஸ்டியும்?

இரண்டும் 1985. இரண்டிலும் மோட்டரோலா 68000 செயலி. எஸ்டியில் இசைக்கருவிகளை இணைக்கும் மிடி துளைகள் கூடவே வரும், அதனால் இசைக்காரர்கள் அதன் பக்கம். அமிகாவில் 4,096 நிறங்கள்.

இதில் உணர வேண்டியது வேறு. கமடோரைக் கட்டி வளர்த்த ஜாக் டிராமியல் 1984 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறினார். சில மாதத்தில் அடாரியின் கணினிப் பிரிவை வாங்கினார். எஸ்டியை வடிவமைத்த குழுவின் தலைவர் ஷிராஸ் ஷிவ்ஜி, கமடோரிலிருந்து அவருடன் போனவர். மறுபுறம், கமடோர் விற்ற அமிகாவின் தந்தை ஜே மைனர், முன்பு அடாரியில் சில்லுகள் வடிவமைத்தவர். அதாவது, கமடோர் கட்சி என்று தொண்டை கிழியக் கத்திய நாங்கள் தாங்கிப் பிடித்தது பழைய அடாரிக்காரரின் படைப்பை. அடாரிக் கட்சி தாங்கியது பழைய கமடோர்க்காரர்களின் படைப்பை. தேசிய சேவையில் இருந்தபோது ஒரு படைமுகாம் நண்பர் இதைச் சொன்னார். நான் இரண்டு நாள் நம்பவில்லை.

நகல் கேசட், நகல் வட்டுகளால்தானே இவை பிழைத்தன?

பெரும்பாலும் ஆம். 1987இல் பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை கடைகளில் வெளிப்படையாகவே நகல் எடுத்துத் தந்தார்கள். எந்தக் கணினிக்குக் கடையில் தடிமனான பட்டியல் இருக்கிறதோ, அதையே பிள்ளைகள் கேட்டார்கள். நிரல் எழுதியவர்களுக்கு நம்மிடமிருந்து ஒரு காசும் போகவில்லை. விசுவாசம் பேசியவர்கள் அந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை, நானும் தீர்க்கவில்லை.

கடைசியில் யார் வென்றார்கள்?

நாங்கள் யாருமே பொருட்படுத்தாத ஐபிஎம் பிசி. 1981 ஆகஸ்டில் வந்தது. ஒலி கிடையாது என்றே சொல்லலாம், விலை எட்டாத உயரம். ஆனால் ஐபிஎம் அதைக் கடையில் கிடைக்கும் பாகங்களால் செய்தது. மைக்ரோசாப்ட் தன் இயங்குதளத்தை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது. ஐபிஎம்முக்கே உரியது, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல்; அதற்கு ஈடான ஒன்றைக் காம்பாக் நிறுவனம் அசலைப் பார்க்காமல் புதிதாக எழுதிக்கொண்டது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பிசி செய்யலாம். ஒருவரின் நிரல் இன்னொருவரிடம் ஓடும். பிரிந்து கிடந்த எங்களால் முடியாத காரியம்.

சிங்கப்பூர் வீடுகளில் இன்னொரு காரணம்: அரசாங்க அலுவலகங்கள் 1981 முதலே கணினிமயமாகி வந்தன. "ஆபீசில் இருப்பதையே வாங்கு, பின்னால் வேலைக்கு உதவும்" என்று பெற்றோர் சொன்னார்கள். சிங்க்ளேர் 1986 ஏப்ரலில் தன் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராடுக்கு விற்றார். கமடோர் 1994 ஏப்ரல் 29 அன்று கடையைக் கட்டியது. செய்தியைப் படித்த நாளில் அப்பாவிடம் சொன்னேன். "நம்முடையது ஓடுகிறதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "அப்புறம் என்ன?" என்றார்.

சிம் லிம் ஸ்குவேர் காலத்தில் சண்டை நின்றுவிட்டதா?

இடம் மாறியது. பிராண்டுப் பெட்டி வேண்டுமென்றால் ஃபுனான் கடைத்தொகுதி. பாகம் பாகமாக வாங்கிக் கோக்க வேண்டுமென்றால் 1987இல் திறந்த சிம் லிம் ஸ்குவேர். கடைக்குக் கடை விலைப்பட்டியல் தாளைக் கொடுப்பார்கள். ஐந்தாறு கடைத் தாள்களைக் காப்பிக் கடை மேசையில் பரப்பி, பேனாவால் வட்டம் போட்டு ஒப்பிடுவோம். இப்போது கட்சி மதர்போர்டுக்குள் போயிருந்தது. 1998இல் இன்டெலின் செலரான் 300ஏ வந்தது. சில்லை மதர்போர்டோடு இணைக்கும் பஸ் என்ற பாதையின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் மலிவுச் சில்லு 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 2000 மார்ச் 6இல் ஏஎம்டி ஒரு கிகாஹெர்ட்ஸை எட்டியது, இரண்டே நாளில் இன்டெல்லும். இரண்டு நிறுவனங்களும் 1972இலேயே பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியிருந்தன. அங்கும் பெரியம்மாக்கள் இருந்திருப்பார்கள்.

ஒலி அட்டையில் சண்டை நம் ஊருக்குள்ளேயே நடந்தது: கிரியேட்டிவின் சவுண்டு பிளாஸ்டருக்கும் ஆஸ்டெக்கின் சவுண்டு கேலக்ஸிக்கும். இரண்டுமே சிங்கப்பூர் நிறுவனங்கள். 1981இல் சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ், 1989இல் சவுண்டு பிளாஸ்டரை வெளியிட்டு உலகப் பிசிக்களுக்கெல்லாம் குரல் கொடுத்தது. 2006இல், பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவி பற்றிய காப்புரிமை வழக்கில் ஆப்பிள் அதற்கு 10 கோடி அமெரிக்க வெள்ளி கொடுத்துச் சமரசமானபோது, என் அலுவலகத்தில் ஐபாடு வைத்திருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். அதன் நிறுவனர் சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமான அன்று, அலமாரியில் இருந்த பழைய அட்டையை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

என் மகன் ஒரே பிராண்டுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். என்ன செய்வது?

ஏன் என்று கேளுங்கள், முழுப் பதிலையும் கேளுங்கள். உள்ளே என்ன சில்லு, ஏன் அது மேல், எதிரணியில் எது நல்லது என்று சொல்லத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அவன் படித்துக்கொண்டிருக்கிறான். விளம்பரத்தை மட்டும் ஒப்பித்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கிக் கொடுத்து, பழுதான பழைய கணினி ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பரணில் பழைய கமடோர் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

நேராக மின்சாரத்தில் செருகாதீர்கள். அசல் மின்மாற்றி வயதாகும்போது 5 வோல்ட்டுக்குப் பதில் அதிகமாகத் தந்து நினைவகச் சில்லுகளைக் கருக்கிவிடக்கூடும். முதலில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள், 5.25க்கு மேல் காட்டினால் அதைத் தொடாமல் புதியது வாங்குங்கள். ஸ்பெக்ட்ரமில் ரப்பர் விசைகளுக்கு அடியில் உள்ள மெல்லிய தாள் காய்ந்து உடையும். மாற்றுத் தாள் கிடைக்கிறது.

கேசட்டுக்கும் வட்டுக்கும் நம் ஈரக் காற்றுதான் பகை. பூஞ்சை பிடித்ததை ஓட்டினால் படிக்கும் தலையும் பாழாகும். புகைப்படக்காரர்கள் கேமராவை வைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள். முடிந்தால் கேசட்டை ஒலிக்கோப்பாகப் பதிவு செய்துவிடுங்கள். 2019 தொடக்கத்தில் இங்கே அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டதால், புதிய தொலைக்காட்சி பழைய ஆன்டெனா இணைப்பை எடுக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் வீடியோ துளை வழியாக இணைப்பது நல்லது, படமும் தெளிவாக வரும்.

உங்கள் மச்சான் இன்னும் ஸ்பெக்ட்ரம் கட்சிதானா?

ஆம். போன தீபாவளிக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தான், முன்பு பஸ்ஸில் கொண்டுவந்தது போலவே ஒரு பிளாஸ்டிக் பையில். சாப்பிட்டு முடித்ததும், "21 எழுத்துதான் என்றாயே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டான். எழுத்து வடிவங்கள் நினைவகத்தில் எங்கே தொடங்குகின்றன என்பதைக் கணினி 23606, 23607 என்ற இரண்டு இடங்களில் குறித்து வைத்திருக்கிறது. அந்த இரண்டு எண்களை மாற்றிவிட்டால், நாம் வரைந்து வைத்த 96 வடிவங்களை அது தன் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். மொத்தம் 768 பைட்டுகள். 1985லேயே செய்திருக்கலாம், எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது.

உயிரும் மெய்யும் கொம்பும் காலுமாக எல்லாவற்றையும் கட்டத்தாளில் வரைந்திருந்தான். அக்கா எண்களை வாசிக்க, அவன் தட்டினான். திரையில் 'மச்சான்' என்று வந்தது. 'ழ' எங்கே என்று கேட்டேன். அதையும் காட்டினான். காலை இடது பக்கம் மடித்துக் கட்டத்துக்குள்ளேயே முடித்திருந்தான். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. 256க்கு 96 குறைவுதான் என்று சொல்லிவிட்டு, அந்த எட்டு எண்களை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.